ரிம் டேப்புக்கு அடியில்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி ஐம்பது நிமிடம். கோத்தகிரியில் காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மேலேறிய பனிமூட்டம் பட்டறைச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றது.

பட்டறை ரஹீமாவுடையது. வயது முப்பத்து மூன்று. பந்தய சைக்கிள்களுக்குச் சக்கரம் கட்டுவதில் அந்த மலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த அருமைநாயகத்துக்கு வயது ஐம்பத்தாறு. கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். இளமையில் மாநில சைக்கிள் பந்தயத்தில் முதலிடம் பெற்றவர். மாணவர் ஆசிரியரை ‘டீச்சர்’ என்பார். ஆசிரியர் மாணவரை ‘சார்’ என்பார். பதினோரு மாதமாக இந்த ஏற்பாடு இருவருக்கும் ஒத்துப்போயிருந்தது.

அருமைநாயகத்துக்கு ஒரே ஒரு குறை. அந்தப் பட்டறையில் சக்கரம் கட்டியவர் ரிம்மின் உட்புறத்தில் தம் பெயரையும் தேதியையும் எழுதி, அதன்மேல் டேப் ஒட்டுவது வழக்கம். டயர் ஏறிய பிறகு அதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அவர் கட்டிய நாற்பது சக்கரங்களில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை.

“நான் எப்போ எழுதலாம், டீச்சர்?” என்று மாதம் ஒருமுறை கேட்பார். ரஹீமா அடுத்த சக்கரத்தை எடுத்து அவர் கையில் கொடுப்பார்.

அன்று அருமைநாயகத்தின் முன்னால் இருந்தது மாதியின் பின்சக்கரம். மாதி தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். மறுநாள் காலை, மேட்டுப்பாளையம் வரை இறங்கித் திரும்ப ஏறும் பந்தயத்தில் ஓட்டவிருந்தாள். ஈரத்திலும் மணலிலும் பிரேக் பிடித்துப் பிடித்து ரிம்மின் பக்கச்சுவர் தேய்ந்திருந்தது. போதாததற்கு, குழியில் விழுந்து சக்கரமும் கோணியிருந்தது. அருமைநாயகம் இரண்டு மணி நேரம் ஸ்போக் சாவியைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பாகத் திருப்பிக் கோட்டம் எடுத்திருந்தார். இப்போது சுற்றிவிட்டால் சக்கரம் நிற்பது போலவே சுற்றியது.

“பாருங்க டீச்சர். முடியளவு ஆட்டம் இருந்தா என் மீசையை எடுத்துடறேன்.”

ரஹீமா குனிந்து பார்த்தார். ஆட்டம் இல்லை.

“மீசை பிழைச்சுது,” என்றார். பிறகு நேரான ஸ்போக் ஒன்றை எடுத்து, பிரேக் கட்டை பிடிக்கும் பக்கச்சுவரின் குறுக்கே வைத்து, சன்னல் பக்கம் திருப்பினார். சுவர் தேய்ந்து குழிந்த இடத்தில், ஸ்போக்குக்கும் ரிம்முக்கும் நடுவே பிறை போல வெளிச்சம் தெரிந்தது.

“ரிம் மாத்தணும், சார்.”

“தாங்கும், டீச்சர். ஒரே ஒரு பந்தயம். தொண்ணூத்தி ஒண்ணுல இதைவிடத் தேஞ்ச ரிம்ல நான் ஜெயிச்சிருக்கேன்.”

“அந்தச் சக்கரத்தை யார் கட்டினது?”

அருமைநாயகம் யோசித்தார். “தெரியலையே,” என்றார்.

ரஹீமா இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். “தாங்கும்னா சரி. டேப்பை உரிச்சுட்டு உங்க பேரை எழுதுங்க.”

பதினோரு மாதம் காத்திருந்த பேனா. அதை வாங்கும்போதே அருமைநாயகத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. டேப்பை உரித்தார். உள்ளே கறுப்பு மை மங்காமல் இருந்தது: ரஹீமா. கீழே நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி.

“இது நீங்க கட்டினதா!”

“ஆமா.”

“உங்க கைவேலையையா தூக்கிப் போடச் சொல்றீங்க?”

“நாலு மழைக்காலம் அந்தப் பொண்ணைப் பத்திரமா இறக்கி ஏத்தியிருக்கு. எனக்கு அதுல ரொம்பப் பெருமை.” ரஹீமா ரிம்மை விரலால் தொட்டுக் காட்டினார். “என் பேருக்குப் பக்கத்துல இடம் இருக்கு, சார். எழுதுங்க.”

பேனாவின் முனை ரிம்முக்கு ஓர் அரிசி தூரத்தில் நின்றது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக அருமைநாயகத்தின் நினைவில் வந்தன. ஒன்பதாவது வளைவில் மாதி இரு கைகளாலும் பிரேக் பிடிப்பாள். ரிம் சூடேறும். டயருக்குள் இருக்கும் காற்று தேய்ந்த சுவரை உள்ளிருந்து தள்ளும். அந்த இடத்தில் சாலையோரத் தடுப்பு முழங்கால் உயரம்தான்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“புது ரிம் எடுத்துட்டு வரேன், டீச்சர்.”

ரஹீமா டீ போடப் போனார்.

நடுவிலிருக்கும் ஹப்பும் ஸ்போக்குகளும் நன்றாகவே இருந்தன. அருமைநாயகம் புது ரிம்மைப் பழைய ரிம்மோடு சேர்த்துக் கட்டி, முப்பத்திரண்டு ஸ்போக்குகளையும் ஒவ்வொன்றாகப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றினார். விரலால் சுண்டி ஒலி கேட்டார். தொய்ந்து ஒலித்ததை இறுக்கினார். பிறகு ஸ்போக்குகளின் முறுக்கு தணிய, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார்.

“அழுத்தறீங்களா, கொஞ்சறீங்களா?” என்றார் ரஹீமா, டீ கிளாசோடு வந்து நின்று.

“டீச்சர் கட்டின ஸ்போக்காச்சே. கொஞ்சம் மரியாதையா அழுத்தறேன்.”

ஆறு மணிக்குச் சக்கரம் முடிந்தது. டேப் ஒட்டுவது மட்டும் பாக்கி. அருமைநாயகம் தயங்கினார்.

“டீச்சர், இதுல எழுதலாமா?”

“மூணு மணியிலேர்ந்து பேனா உங்க பையிலதான் இருக்கு, சார்.”

எழுதினார். ‘நா’வின் கால் சற்றே கோணியது. அதை அவர் நிமிர்த்த முயலவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு மாதி மலையிறங்கினாள். அருமைநாயகம் ஐந்து மணிக்கே போய் ஒன்பதாவது வளைவில் நின்றிருந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு பிரேக் சத்தத்தை மட்டும் கேட்டார். அவள் சாய்ந்து, வளைந்து, நிமிர்ந்து, பனிமூட்டத்துக்குள் மறைந்தாள். பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். சக்கரத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்படியாக அது எதுவும் செய்யவில்லை.

பத்து மணிக்கு அருமைநாயகம் பட்டறைக்குள் நுழைந்தபோது, ரஹீமா தம் சொந்த சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார். அதன் பின்சக்கரத்தைக் கழற்றி அருமைநாயகத்தின் மேசைமேல் வைத்தார்.

“தினமும் கீழே அரவேணு ஊர்ல இருக்கற என் வீட்டுக்கு இதுலதான் இறங்கறேன்,” என்றார். “தாங்குமா, சார்?”

அருமைநாயகம் நேரான ஸ்போக் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, சக்கரத்தைச் சன்னல் பக்கம் திருப்பினார்.