குளவி கட்டின வீடு

சுனைமலை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குளவிக்கூட்டை யாரும் தொடக் கூடாது. ஒட்டடை அடிக்கிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் அடிப்பார்கள். பூஜைப் பெட்டியின் மேல் கட்டினாலும் சரி, புத்தக அலமாரியில் கட்டினாலும் சரி, அது பாட்டுக்கு இருக்க வேண்டியதுதான்.

காரணம் இருந்தது. குளவி எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வருகிறது. மண் வீட்டுக்குள் வைத்து அடைக்கிறது. வெளியே நின்று ரீங்காரம் பாடுகிறது. அதைக் கேட்டுக் கேட்டுப் புழுவும் ஒருநாள் குளவியாகிப் பறந்துவிடுகிறது. குளவிதான் குரு, புழுதான் சீடன். மடத்தில் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. புழு உள்ளே போவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குளவி வெளியே வருவதையும் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் என்ன சந்தேகம்?

ஆவுடையப்பனுக்கும் சந்தேகம் வந்ததில்லை. மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தவர் அவர். குருவான மாசிலாமணி அடிகளைவிட வயதில் நன்றாக மூத்தவர். ஆனாலும் கீழேதான் உட்காருவார். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. பௌர்ணமிக்கு மலையேறி வருகிற கூட்டத்துக்கு முன்னால், உதிர்ந்து விழுந்த கூடு ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டுவார்.

“கையில்லாத பூச்சி இது. இதுக்குச் சுவரெழுப்பச் சொல்லிக்கொடுத்தவன் யாரு? ஒரு சமையக்கட்டு கட்டவே கொத்தன் வேணும்னா, இத்தாம் பெரிய உலகத்துக்கு ஒருத்தன் வேண்டாமா?”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அந்த ஆவுடையப்பன்தான் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே மலையேறி வந்தார். மதியம் திரும்பிய நேரம். அடிகள் பழைய குருவின் சமாதி மண்டபத்தில் தனியாக இருந்தார். ஆவுடையப்பன் வணங்கவில்லை. தூணில் சாய்ந்து நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கோமதி எப்படி இருக்கா?” என்று அடிகள் கேட்டார்.

கோமதி ஆவுடையப்பனின் ஒரே மகள். அடிவாரத்து ஊரில் இருக்கிறாள்.

“இன்னைக்கோ நாளைக்கோன்னு கையை விரிச்சிட்டாங்க. கஞ்சித்தண்ணிகூட இறங்கல.”

“உக்காரும்.”

“உக்கார வரல சாமி. ஒண்ணு கேக்கணும். பூசி மெழுகாமச் சொல்லணும்.”

“கேளும்.”

“இதையெல்லாம் படைச்சவன்னு ஒருத்தன் இருக்கானா, இல்லையா?”

“நீர்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தீரு?”

“சொன்னேன். இந்தப் பாவி வாயாலதான் சொன்னேன்.”

நடந்தது அடிகளுக்குத் தெரியாததில்லை. கோமதிக்குக் கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளையில்லை. போன சித்திரையில் அவள் வீட்டு வாசல்நிலைக்கு மேலே குளவி கூடு கட்டியது. குளவி கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அதற்கு ஏற்றாற்போல் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. வயிறும் கனத்தது. தெருவே வந்து கூட்டைப் பார்த்துவிட்டுப் போனது.

ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னான். ஆவுடையப்பன்தான் குறுக்கே நின்றார். கண் பட்டுவிடும் என்றார். உலகத்தைக் கட்டினவனே சேதி அனுப்பிய பிறகு மெஷினிடம் போய்க் கேட்பதா என்றார். வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, மடத்தில் உதிர்ந்த கூட்டு மண்ணைக் குழைத்து வயிற்றில் பூசிவிட்டார். அடிகள் தம் பங்குக்குத் திருநீறு கொடுத்தனுப்பினார்.

ஆடியில் அவள் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகுதான் தெரிந்தது. உள்ளே வளர்ந்தது பிள்ளை இல்லை, கட்டி. எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ஆவுடையப்பன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“அந்தக் கட்டியும் சும்மா வரல சாமி,” என்றார் அவர். “அதுக்குன்னு தனியா ரத்தக்குழாய் எல்லாம் போட்டுக்கிட்டு வளந்திருக்காம். டாக்டர் படத்துல காட்டினாரு. கொடி ஓடின மாதிரி அவ்வளவு நேர்த்தி. அந்த வேலைப்பாட்டைப் பாத்து நான் கன்னத்துல போட்டுக்கணுமா?”

அடிகள் எழுந்தார். மண்டபத்துத் தூணில், கைக்கெட்டுகிற உயரத்தில் ஒரு குளவிக்கூடு இருந்தது. வாய் அடைத்த கூடு. மண் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. விளக்குத் திரி தூண்டுகிற குச்சியை எடுத்துக்கொண்டு அதன் அருகே போனார்.

“இதுக்குள்ள என்ன நடக்குன்னு உமக்குத் தெரியுமா?”

“பாடம் தெரியும்.”

“எனக்கும் பாடம்தான் தெரியும். என் குருவுக்கும் அதுதான் தெரியும். இந்த மடத்துல ஒருத்தரும் உடைச்சுப் பாத்ததில்ல.”

“சாமி, வேண்டாம். சமாதி மண்டபம்.”

அடிகள் குச்சியால் குத்தினார். மண் ஓடு பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

உள்ளே சின்னச் சின்ன அறைகள். சுவர் அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு வழவழப்பு. ஓர் அறையில் பச்சைப் புழு ஒன்று கிடந்தது. அதன் விலாவில் வாயை வைத்தபடி வெள்ளையாக இன்னொரு புழு ஒட்டியிருந்தது. பச்சைப் புழுவில் பாதி இல்லை. மீதிப் பாதி லேசாக அசைந்தது.

ஆவுடையப்பன் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

“உயிரோட இருக்கு,” என்றார்.

“ம்.”

“உயிரோட வச்சுத் தின்னுக்கிட்டிருக்கு சாமி.”

“செத்தா அழுகிப் போயிரும். ஓடினாலும் உதவாது. சாகவும் விடாம, நகரவும் விடாம, பாத்து ஒரு கொட்டு கொட்டியிருக்கு.” அடிகள் குச்சி நுனியால் காட்டினார். “வெள்ளைப் புழு குளவி போட்ட முட்டையில வந்ததா இருக்கணும். அதுதான் குளவியாகிப் பறக்கு. பச்சைப் புழு ஒண்ணும் ஆகல.”

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

“நான் குளவி, நீர் புழுன்னு உம்மகிட்ட முதல் நாள் சொன்னேன்,” என்றார் அடிகள். “நீரும் சந்தோஷமாத் தலையாட்டினீரு.”

“அப்ப, படைச்சவன்னு ஒருத்தன் கிடையாது. அதைத்தானே காட்டுதீங்க?”

“வீடு இப்பவும் நல்லாத்தான் இருக்கு. பாரும். ஒரு பிசகு கிடையாது. கொட்டினதுலயும் பிசகு கிடையாது. முன்னால இதையெல்லாம் வச்சுத்தானே ஒருத்தன் உண்டுன்னு சொன்னீரு?”

“அப்படின்னா இருக்கானா?”

“இருந்தா என்ன செய்வீரு?”

“அவன் முகத்துல முழிக்க மாட்டேன்.”

“இல்லேன்னா?”

ஆவுடையப்பன் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனுஷன் முகத்தைப் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார்.

“இல்லேன்னா நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போடுவேன் சாமி? மிச்சம் நான் ஒருத்தன்தானே இருக்கேன்?”

அடிகள் தேற்றவில்லை. சுனையோரத்துப் புங்க மரத்திலிருந்து ஓர் இலை பறித்து வந்தார். வெள்ளைப் புழுவைக் குச்சி நுனியால் விலக்கினார். பச்சைப் புழுவை இலையில் எடுத்து வைத்தார். அது பிழைக்காது என்பது இருவருக்கும் தெரிந்தது. சற்றுத் தள்ளி அந்த வெள்ளைப் புழுவும் எதையோ தேடி வாயை அசைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

“எனக்குத் தெரியல,” என்றார் அடிகள். “உண்டுன்னு சொல்லவும் தெரியல, இல்லேன்னு சொல்லவும் தெரியல. தெரியாமலேயே திருநீறு கொடுத்திருக்கேன்.”

“நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நான் பதிலோட போகணும். அவ காத்துக்கிட்டிருக்கா.”

“யாரு?”

“கோமதிதான். அவதான் கேட்டா. நானாக் கேக்கல.”

அடிகள் நிமிர்ந்தார்.

“என்ன கேட்டா?”

“காலையில கண்ணு முழிச்சா. ‘அப்பா, குளவிக்கூட்டக் காட்டிப் பேசுவீங்கள்லா, கட்டினவன் ஒருத்தன்னு. இந்தக் கட்டியையும் அவருதான் கட்டினாராப்பா?’ன்னு கேட்டா.”

“நீரு என்ன சொன்னீரு?”

“என்னத்தச் சொல்ல? பொய் சொல்ல மனசு வரல. சாமிகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்மான்னு சொன்னேன்.”

“அதுக்கு அவ?”

“ஒண்ணும் சொல்லல. என் துண்டைப் பிடிச்சுக்கிட்டா.”

“பிறகு?”

“விடல. விரல ஒவ்வொண்ணா விலக்கிட்டுத்தான் வந்தேன்.”

அடிகள் இலையைத் தூண் அடியில் வைத்தார். இலையிலிருந்த புழுவின் அசைவு நின்றிருந்தது. மழை இன்னும் விடவில்லை. படிக்கட்டில் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

“ஆவுடையப்பரே,” என்றார். “துண்டைப் பிடிச்சவ கட்டினவனைப் பத்தியா கேட்டிருப்பா? அப்பா, நீங்க அவன் பக்கமா, என் பக்கமான்னு கேட்டிருக்கா. அவகிட்டப் போம்.”