பனிக்குள் கேட்ட கேள்வி

மலையடிக் காட்டில் அல்லிக்குளம் என்றொரு குளம் இருந்தது. மார்கழி விடியலில் அதன்மேல் பனி இறங்கிவிட்டால் கரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. மரங்கள் நின்ற இடமெல்லாம் வெறும் வெள்ளையாக இருக்கும். எருமையின் கொம்புகள் மட்டும் தனியாக மிதப்பதுபோல் தோன்றும்.

பனி விலகும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அது குளத்துத் தலைவர் உடும்பு போட்ட சட்டம்.

"குளம் தூங்குகிறது! சத்தம் கேட்டு விழித்தால் கோபித்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விடும்! அப்புறம் குடிக்க ஒரு சொட்டும் கிடைக்காது!" என்று அவர் சொல்லிவைத்திருந்தார்.

எல்லோரும் நம்பினார்கள். தவளை தும்மல் வந்தால் தண்ணீருக்குள் முங்கித் தும்மும். எருமை அசைபோடுவதைக்கூட நிறுத்திவிடும். பாவம், குளத்தின்மேல் அவ்வளவு பாசம்!

நாணல் புதரில் ஒரு கானாங்கோழி கூடு கட்டியிருந்தது. பிறவியிலேயே வாயாடி. அதுவும் வாயை இறுக மூடிக்கொண்டது. ஆனால் பனிக்குள் இரை தேடிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கூட்டில் ஒரு முட்டை குறைந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

"தலைவரே, என் முட்டைகள் எங்கே போகின்றன?"

"குளம் எடுத்துக்கொள்கிறது. கேள்வி கேட்காதே! கேட்டால் மிச்சமும் போய்விடும்!"

கானாங்கோழி அழுதுகொண்டே திரும்பியது. மறுநாள் அது இரைக்குப் போகவில்லை. பசியோடு முட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே குஞ்சு மெல்லத் தட்டுவது வயிற்றில் பட்டது.

அப்போது வெள்ளைக்குள் ஏதோ சரசரவென்று நெருங்கி வந்தது.

கத்தினால் குளம் போய்விடும். கத்தாவிட்டால் குஞ்சு போய்விடும். 'என் குஞ்சுக்கு வாழ உரிமை இல்லையென்றால் இந்தக் குளம் யாருக்காக?' என்று நினைத்தது கானாங்கோழி.

"யார் அது?" என்று கத்திவிட்டது.

பனி அசையவில்லை. குளமும் அசையவில்லை.

சற்றுப் பொறுத்து எங்கிருந்தோ தவளை, "ஆமாம், யார் அது?" என்றது. "யாரப்பா அது?" என்றது எருமை. பிறகு வெள்ளைக்குள் எல்லாப் பக்கமிருந்தும் அதே கேள்வி வந்தது.

உடும்பு பதறிப்போனார். "வாயை மூடுங்கள்! குளம் விழித்துவிடும்!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்.

அந்தக் குரல் கானாங்கோழியின் கூட்டருகிலிருந்து வந்தது. எல்லோருக்கும் கேட்டது.

எருமை குரல் வந்த திசையில் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடந்தது. பனி விலகியது. கூட்டின்மேல் முன்காலை வைத்தபடி தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களே கத்திவிட்டீர்களே! குளம் இங்கேயேதான் இருக்கிறது!" என்றது தவளை.

எருமை கொம்பை ஆட்டியதும் உடும்பு எடுத்தார் ஓட்டம்! அதன்பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

இப்போதும் அல்லிக்குளத்தில் பனி இறங்குகிறது. அதற்குள்ளிருந்து தும்மலும் பேச்சும் சிரிப்பும் கேட்கின்றன. ஒருநாள் விடியலில் அவற்றோடு புதிதாக ஒரு சின்னக் குரலும் சேர்ந்துகொண்டது. "கீச்!"

கேள்வி கேட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று அதிகாரத்தில் இருப்பவர் பயமுறுத்தினால், அழியப்போவது அவருடைய பொய்தான்; ஆகவே தயங்காமல் கேளுங்கள்.