கவிழ்த்து வைத்த பானைகள்

முன்னொரு காலத்தில் கடலோர உவர்முனை நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். முன்கோபக்காரன், ஆனால் பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான். அங்கே எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் கரிப்புத் தண்ணீர்தான். மழைத் தண்ணீரையோ யாரும் தொடமாட்டார்கள். எப்போதோ ஒருத்தன் கோடை முடிந்து பெய்த முதல் மழையைக் கூரையடியில் பிடித்து, புறா எச்சத்தோடு குடித்து, வயிறு கெட்டுப் படுத்தானாம். அன்றிலிருந்து மேகம் கறுத்தால் ஊரே ஓடிப்போய்ப் பானைகளைக் கவிழ்த்துவிடும். என்னத்தைச் சொல்ல?

ராணி தேனம்மை மலைநாட்டுப் பெண். மசக்கை வந்ததிலிருந்து கரிப்புத் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் பின்னால் பாறையில் கசியும் சுனையையே நினைத்து நினைத்து இளைத்துப்போனாள்.

"அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க. உங்களை விட்டுப் போகவும் மனசில்லை. ஆனா நாக்கு அந்தச் சுனையையே கேட்குது" என்று ஒருநாள் அழுதாள்.

மலைப்பாதையில் வண்டி குலுங்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று வைத்தியர் தடுத்திருந்தார். ராஜா சபையைக் கூட்டினான். "ராணி ஏங்கும் தண்ணீரைக் கொடுப்பவருக்கு என் முத்துமாலை!"

மந்திரி மாதவராயரைக் கண்டாலே ஆகாத சேனாதிபதி வீரசிங்கர் முந்திக்கொண்டார். மலைக்கு ஆளனுப்பி, தோல்பை நிறையச் சுனைத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். வெயிலில் வந்த தண்ணீர் தோல் நாறியது. ராணி ஒரு வாய் வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த மழைக்குப் பிறகு மாதவராயர் ஒரு சொம்பை நீட்டினார். தேனம்மை குடித்தாள். கண்ணை மூடினாள். அம்மாவின் கைவளை அசைகிற சத்தம் கேட்டதுபோல இருந்தது அவளுக்கு.

"இது எங்க வீட்டுத் தண்ணி" என்றாள்.

வீரசிங்கர் துள்ளி எழுந்தார். "பிரபு, மோசடி. மந்திரி ஊர் எல்லையைத் தாண்டவே இல்லை."

"நான் போகவில்லை. அதுதான் வந்தது" என்றார் மாதவராயர். "தாயே, அந்தச் சுனையில் கசிவது எது? மலைமேல் பெய்த மழைதானே. என் வீட்டு முற்றத்தில் மழையின் முதல் வீச்சை அழுக்குக் கழுவ விட்டேன். பிறகு வெள்ளை வேட்டியை நாலு கம்பில் கட்டி, நடுவில் கல்லைப் போட்டு, அடியில் பானையை நிமிர்த்தி வைத்தேன்."

"இத்தனை காலமும் வாசலுக்கு வந்ததைத் துரத்தினோமே" என்றான் ராஜா. முத்துமாலை மாதவராயர் கழுத்துக்குப் போனது. "வீரசிங்கரே, உம் தோல்பை காலியாகும்வரை அதுதான் உமக்குக் குடிதண்ணீர்."

அன்றுமுதல் மழை வந்தால் ஊரே பானைகளை நிமிர்த்தியது. தேனம்மையின் நாக்குத் தணிந்தது. பிறந்த ஊர் ஏக்கம்? அது தண்ணீருக்குத் தீருமா. மழை நாளில் முற்றத்துப் பக்கம் போனாலே அவளுக்கு அம்மா ஞாபகம்தான்.

பிரசவத்துக்கு அம்மாவே மலையிறங்கி வந்தாள். களைத்து உட்கார்ந்தவளுக்கு மகள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்த அம்மா மகளை முறைத்தாள்.

"ஏண்டி, நம்ம சுனைத் தண்ணியை இவ்வளவு தூரம் யாரைச் சுமக்க வச்சே?"

தேனம்மை அம்மா மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.