இருநூறு அடி

கப்பல் வேலையை விட்டுவிட்டு நாற்பத்தாறு வயதில் விமானம் ஓட்ட வந்தவர் சேவியர். அவருக்குக் குரு, அவரைவிடப் பதினைந்து வயது இளையவரான கேப்டன் செண்பகவல்லி.

மேகத்துக்குள் கண் உதவாது, கருவிகளைப் பார்த்தே இறங்க வேண்டும். அதைப் பழகுவதற்காகச் சேவியரின் தலையில் ஒரு தொப்பி. அதன் நீண்ட விளிம்பு கருவிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். தரைக்கு இருநூறு அடி மேலே வந்ததும் கேப்டன் "தெரியுது" என்றால் தொப்பியைக் கழற்றிவிட்டு இறங்கலாம். வாயைத் திறக்காவிட்டால் ஓடுதளம் தெரியவில்லை என்று பொருள். உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

அந்த ஒற்றை எஞ்சின் விமானத்தை முள் அசையாமல் இருநூறு அடிவரை கொண்டுவந்தார் சேவியர். கேப்டன் பேசவில்லை. இதோ சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தே நூற்றைம்பது அடிக்கு வந்துவிட்டார். கேப்டன்தான் கைகொடுத்து மேலே ஏற்றினார்.

மூன்று நாளாக இதே கதை. மறுநாள் தேர்வு. கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் இத்தனை நாள் படித்ததெல்லாம் கரைசேரும்.

தரைக்கு வந்ததும் சேவியர் மனம்விட்டுக் கேட்டார்.

"ஓடுதளம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு கேப்டன். ரெஜினா வேற சாப்பாட்டோட வேலிகிட்ட நின்னு பார்த்துக்கிட்டிருக்கா. இறங்காம போறது தோத்த மாதிரி இல்லையா?"

கேப்டன் வேலிப் பக்கம் போய்ச் சேவியரின் மனைவியை அழைத்துவந்தார். சேவியர் கப்பலில் இருந்த காலத்தில், வருகிற தேதி தள்ளிப்போனால் அந்த நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

ரெஜினா யோசிக்கவே இல்லை.

"புயலு, துறைமுகத்துக்கு வெளியவே நிக்கிறோம், வர நாளாகும்னு போன் வரும். அன்னைக்கு நல்லா சாப்பிட்டுத் தூங்கிருவேன். போன் வராத நாள்தான் தூக்கமே இருக்காது."

சேவியருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடமும் அந்தப் போன்களுக்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர்.

மறுபடி பறந்தார்கள். இருநூறு அடி. கேப்டன் பேசவில்லை. சேவியர் எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்தார். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "அடுத்த தடவையும் நீங்க ஒண்ணும் சொல்லலன்னா?"

"மூணு மணி நேரத்துக்குப் பெட்ரோல் இருக்கு சார்" என்றார் கேப்டன். "கீழ அக்காவுக்கு நம்ம சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."