மாரப்பன் லாரிக்கு மேல் கியர்

பொட்டலூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இருக்கிறது ஐயா. வாங்கியபடி பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர் மாரப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா காலத்து லாரியில்தான் பெண்ணை அழைத்து வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெண் பூவாத்தா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கியர் கம்பி நின்றது.

“ஏனுங்க, தாலி கட்டின அன்னிக்கு நமக்கு நடுவுல இது எதுக்குங்க? இருந்துதுன்னா நான் எங்கம்மா கூடவே ஊட்டுக்குப் போயிருவேன்.”

மாரப்பன் உடனே டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

“கியர் கம்பியை ஸ்டீயரிங் தண்டுக்கு மாத்திரலாம். கீழ அறுத்து மேல பத்த வெச்சுருங்க. மீதியை நான் வந்து பாத்துக்கறேன்” என்றார் அவர்.

மாரப்பனும் கூட்டாளிகள் ராக்கியண்ணனும் கருப்பணனும் அப்படியே அறுத்து, அப்படியே பற்றவைத்து, பொட்டும் வைத்தார்கள். தரையில் சாண் நீளத்துக்குக் கம்பி மிஞ்சியது.

“இதுதான்டா மீதி. யாரும் தொடாதீங்க, அவரே வந்து பாக்கட்டும்” என்றான் ராக்கியண்ணன்.

கல்யாணத்தன்று காலையில் மாரப்பன் மேல்கம்பியை இழுத்தான். அது அசையவே இல்லை. “என்ன மாதிரி பத்த வெச்சிருக்கறோம் பாத்தியா!” என்று கருப்பணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. கருப்பணன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கீழே உட்கார்ந்தான். மாரப்பன் மேல்கம்பியைத் தொட்டு “ரெண்டு!” என்று கத்தினால், இவன் மிச்சக் கம்பியைப் பிடித்து ரெண்டாவது கியர் போடுவான். வண்டி ஜம்மென்று மண்டபம் போய்ச் சேர்ந்தது.

தாலி கட்டியாயிற்று. பூவாத்தா கதவைத் திறந்தாள்.

“கம்பியே வேண்டாம்னு சொன்னேன். இப்ப ஆளே உக்காந்திருக்காரு!” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாரப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ராக்கியண்ணன் நெற்றியைத் தேய்த்தான். “அழுவாத. இப்ப இந்த வண்டிக்குக் கியரு எது?”

“கருப்பணன்தான்.”

“கீழ இருக்கற கியரை எங்க மாத்தச் சொன்னாரு?”

மூவரும் ஸ்டீயரிங் தண்டைப் பார்த்தார்கள். கருப்பணன் யோசித்துவிட்டு, “நாயந்தான். ஆனா கவுறு கட்டினாப் போதும், பத்த வெக்க வேண்டாம்” என்றான்.

பந்தல் கயிற்றால் அவனைத் தண்டோடு சேர்த்துக் கட்டினார்கள். மிச்சக் கம்பியைக் கால் விரலில் இடுக்கிக்கொண்டான். மாரப்பன் அவன் இடது காதை முன்னால் தள்ளினான். முதல் கியர் விழுந்தது.

பூவாத்தாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, ரிவர்ஸுக்கு எதைப் புடிப்பீங்க?”

“மூக்குங்க” என்றான் கருப்பணன். “மெதுவாப் புடிக்கச் சொல்லுங்க, எனக்குச் சளி.”