காதைப் பொத்திக்கொண்ட டீச்சர்

இது இப்படியேதான் நடந்ததா என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. சொன்னவர் இசக்கிமுத்து. கதையில் குட்டு வாங்குபவரும் அவர்தான். தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொண்டு ஒருவர் சொல்லும் கதையைச் சட்டென்று நம்பிவிடுகிறோம். சந்தேகம் அதனால்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு தர்ம டயாலிசிஸ் மையம். அங்கே நோயாளிகளின் போனை எடுத்துப் பேசுவது ஏஜென்ட் என்னும் மென்பொருள். ஸ்லாட்டை, அதாவது ஒருவருக்கு ஒதுக்கிய டயாலிசிஸ் நேரத்தை, தேட, மாற்ற, விடுவிக்க அதற்கு வேண்டிய டூல்கள் என்னும் சின்ன நிரல்களை எழுதியவர் இசக்கிமுத்து. ஏஜென்ட் டூலின் உள்ளே எட்டிப் பார்க்காது. ஒவ்வொரு டூலோடும் எழுதி வைத்திருக்கும் விளக்கத்தைப் படிக்கும். எதை எடுப்பது என்று முடிவு செய்யும். அவ்வளவுதான்.

அந்த விளக்கங்கள் தேறுமா என்று பார்ப்பது பர்வீனின் வேலை. வயதில் இசக்கிமுத்துவுக்கு மகள் மாதிரி. முதலில் கிண்டலாகத்தான் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அன்று இசக்கிமுத்து கொதித்துக்கொண்டு வந்தார். விளக்கங்கள் பர்வீனிடமிருந்து மறுபடியும் திரும்பி வந்திருந்தன. என்ன குறை என்று ஒரு வார்த்தை இல்லை.

“இதுல என்ன தப்பு டீச்சர்? என்ன கொடுக்கணும், என்ன திரும்பி வரும், எல்லாம் இருக்கு. எழுத்துப் பிழை கிடையாது. நானே பத்துக்குப் பத்து போட்டேன்.”

“வேலம்மாள் அக்கா வெளிய பெஞ்சுல இருக்காவ. பாத்தீங்களா?”

பார்த்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வேலம்மாள். யாராவது வராமல் போனால் அந்த இடம் கிடைக்காதா என்று காத்திருப்பு.

முந்தாநாள் போன் செய்திருக்கிறார். “நாளைக்கு மக வீட்டுல வளைகாப்பு. மறுநா வரட்டுமா?” ஏஜென்ட் ‘விடுவி’ டூலை எடுத்தது. பிறகு பார்த்தால் மறுநாள் இடமில்லை. விட்ட ஸ்லாட்டும் அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விட்டது.

“அதுக்கு நான் என்ன செய்ய? ஏஜென்ட்டு கூறுகெட்டது. நாளை மாத்தணும்னா முதல்ல இடம் இருக்கான்னு...”

பர்வீன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

“சொல்லாதீங்க அண்ணாச்சி!”

“என்னது?”

“எங்கிட்ட சொல்லாதீங்க. எங்க எழுதியிருக்கு? விரல் வைங்க.”

இசக்கிமுத்து காகிதத்தை இழுத்தார். ‘விடுவி: நோயாளியின் ஸ்லாட்டை விடுவிக்கும்.’ விரல் அந்த வரியில் நின்றது. அடுத்த வரிக்குப் போனது. திரும்ப மேலே வந்தது. பிறகு எங்கேயும் இறங்காமல் அந்தரத்தில் நின்றது.

“விட்டா போயிரும்னு எல்லாருக்கும் தெரியுமே டீச்சர்.”

“எல்லாரும்னா யாரு?”

சொல்ல வாயைத் திறந்தார். பர்வீனின் கைகள் மறுபடி காதுக்குப் போயின.

இசக்கிமுத்து தன் இடத்துக்குப் போய், தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொட்டினார். எந்த மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும், சர்வரை ஏன் மாற்றினார்கள், மேனேஜர் என்ன சொன்னார், எல்லாம். மதியம் அதை மேஜையில் போட்ட வேகத்தில் டீ டம்ளர் ஆடியது.

“இப்ப திருப்தியா? ஒண்ணு விடலை.”

“நீங்கதான் ஏஜென்ட். நான் வேலம்மாள் அக்கா, போன்ல இருக்கேன். விரல் வைங்க.”

விரல் இறங்கியது. பக்கம் திரும்பியது. மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தது.

“ஹலோ, ஐயா... இருக்கீயளா?” என்றார் பர்வீன், வேலம்மாளின் குரலில்.

“இரும்மா, தேடிக்கிட்டுத்தான இருக்கேன்!” என்று கத்தினார் இசக்கிமுத்து.

கத்தியது தனக்கே கேட்டது. காகிதங்களை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் கொண்டுவந்தது சிறியது. ‘விடுவி: இந்த ஸ்லாட் இனி வேண்டவே வேண்டாம் என்பவருக்கு மட்டும். விட்டால் உடனே வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. நாள் மாற்றக் கேட்டால் இதை எடுக்காதே. முதலில் ‘இடம் தேடு’.’

“மார்க் போடுங்க.”

பர்வீன் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“நான் லாயக்கில்ல அண்ணாச்சி. பொத்திப் பொத்திப் பாத்தேன். காலையில இருந்து உங்களோட மல்லுக்கட்டி எனக்கும் எல்லாம் தெரிஞ்சு போச்சு.”

“அப்ப யாருதான் பாக்கிறது?”

பர்வீன் புது விளக்கத்தை ஏஜென்ட்டிடம் ஏற்றினார். வேலம்மாளின் முந்தாநாள் போனைச் சோதனையாக மறுபடி ஓடவிட்டார். ஏஜென்ட் ‘இடம் தேடு’ டூலை எடுத்தது. மறுநாள் இடமில்லை. “உங்கள் நாளைய ஸ்லாட் அப்படியே இருக்கிறது. அதிலேயே வர முடியுமா?” என்று கேட்டு நின்றது.

வெளியே நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். யாரோ வரவில்லை போலிருக்கிறது. வேலம்மாள் செருப்பைக் கையில் பிடித்தபடியே எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். கதவு மூடும்வரை இசக்கிமுத்து அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பினார்.

“அந்த அக்காவை இவ்வளவு பாடுபடுத்திச்சே. இதுக்கு ஒண்ணுமே ஞாபகமில்லையா டீச்சர்?”

“இல்ல. ஒவ்வொரு போனுக்கும் புதுசாத்தான் படிக்கும். இந்த ஆபீஸ்ல நீங்க எழுதினதை மட்டும் படிக்கிறது அது ஒண்ணுதான். அதைப் போய் கூறுகெட்டதுங்கிறீங்க.”

இந்தக் கதையை இசக்கிமுத்து எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார். எப்போது சொன்னாலும் விரல் அதே இடத்தில் நிற்கும், டம்ளர் அதே மாதிரி ஆடும். போன மாதம் மறுபடி சொல்லி முடித்து அவர் சிரித்தபோது, கடைசியில் நான் கேட்டே விட்டேன்.

“அண்ணாச்சி, இந்தக் கதையில உங்களுக்குத் தெரிஞ்சதாலயே சொல்லாம விட்டது எது?”