உடையாத பலகைகள்

தோணியப்பனை அன்று கையில் பிடிக்க முடியவில்லை. கடலோர மடத்தில், ஒருவரையும் கிட்டே சேர்க்காமல், ஓராண்டாக அவரே இழைத்து இழைத்துக் கட்டிய மர மாடி முடிந்துவிட்டது. மாலையில் யாத்திரிகர்கள் வருகிறார்கள். அவர்களோடு அவருடைய மகள் செண்பகமும் கைக்குழந்தையோடு வருகிறாள். எல்லோருக்கும் படுக்கை அந்த மாடியில்தான்.

குரு மங்களத்தம்மை மேலே ஏறிப் பார்த்தார். விட்டங்களின்மேல் தேக்குப் பலகைகள் வரிசையாகக் கிடந்தன. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

"ஆணியே காணோமேப்பா?"

"எதுக்கம்மா? ஒவ்வொண்ணும் பொறுக்கியெடுத்த தேக்கு. ஓட்டை போட மனசு வரலை. நேத்து நெல் மூட்டையா அடுக்கிப் பார்த்தேன். ஒரு முனகல் இல்லை."

"பலகையை விட்டத்தோட, விட்டத்தை உத்திரத்தோட பிணைக்க வேண்டாமா?"

தோணியப்பன் சிரித்தார். பந்தியில்கூடத் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர்.

"அதது நேரா இருந்தாப் போதாதா? இன்னொண்ணை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?"

அம்மை இறங்கி வந்தார். விட்டங்களைத் தாங்கும் ஓரத்து உத்திரத்தில் ஒரு வடத்தைக் கட்டி, பக்கவாட்டில் இழுக்கும்படி சீடர்களை நிற்க வைத்தார்.

"மேலே யாரும் இல்லையே?"

"யாரும் இல்லை. நல்லாவே இழுக்கச் சொல்லுங்கம்மா." அவ்வளவு மிதப்பு மனிதருக்கு.

"கடல்காத்து மூட்டை மாதிரி மேல வந்து உட்காராதுப்பா," என்றார் அம்மை. "இழுங்க."

முதல் இழுப்பிலேயே உத்திரம் வெளியே சாய்ந்தது. அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்த விட்டங்களின் நுனிகள் நழுவின. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சரிந்தன. காதைப் பிளக்கும் சத்தம். பிறகு தூசி.

தூசி அடங்கியபோது தோணியப்பன் எட்டிப் பார்த்தார். பேரக்குழந்தைக்காகக் காலையில் அவர் மாடியில் கட்டிய தூளியின் நுனி மட்டும் அந்தக் குவியலுக்கு அடியில் தெரிந்தது.

நம்ப முடியாமல் ஓடினார். பலகைகளைப் புரட்டினார், தடவினார், தட்டிப் பார்த்தார். 

"அம்மா... ஒண்ணுகூட உடையலையே! எல்லாம் முழுசா இருக்கே!"

மங்களத்தம்மை ஒரு பலகையை எடுத்து முந்தானையால் தூசி துடைத்தார்.

"ஆமாம்ப்பா. ஒண்ணுக்கும் ஒரு கீறல் இல்லை. பக்கத்துப் பலகை விழுந்ததே அதுகளுக்குத் தெரியாது."